வார்டிலிருந்து வீட்டுக்கு: பினாங்கில் பராமரிப்புப் பயிற்சி வந்த வழி

இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை 2019 ஜனவரியில் தனிநபருக்கேற்ற பராமரிப்புக்கான விரிவான திட்டம் ஒன்றை வெளியிட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்கும் தாதி, உங்களுக்கு எது முக்கியம் என்றும் கேட்கப் பழக வேண்டும். நோயாளியால் முடியாதவற்றைக் குறித்துக்கொள்ளும்போது முடிந்தவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவரைச் சுற்றி இருக்கும் மனிதர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதுவே அத்திட்டத்தின் சாரம். இதற்கெனச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சியும் அங்கே வகுக்கப்பட்டது. இங்கே இதைக் கேட்பவர்களுக்கு லண்டனில் கப்பலேறி வந்த புதுச் சரக்குபோலத் தோன்றக்கூடும்.

பினாங்கைப் பொறுத்தவரை அது புதிதல்ல. இந்தத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் மருத்துவப் பணியாளர்கள் எங்கே வைத்துப் பயிற்றப்பட்டார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பயிற்சி மருத்துவமனை வார்டுக்குள் நடந்தவரை நோயாளி படுக்கை எண்ணாகவே இருந்தார். நோயாளியின் வீட்டுக்குள் பயிற்சி நுழைந்த ஒவ்வொரு முறையும் அவர் ஆளாக மாறினார். பாடநூல்களைவிடப் பயிற்சி நடந்த இடமே இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் என்பது என் வாதம். அதை நிறுவக் காலவரிசையிலேயே செல்கிறேன்.

நோயாளியால் முடிந்தவற்றிலிருந்து தொடங்கும் இந்த நோக்குக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஆற்றலை முன்வைக்கும் அணுகுமுறை அமெரிக்கச் சமூகப்பணித் துறையில் பெயர் பெற்றது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ராப் முதலியோர் 1980களில் கடும் மனநோயிலிருந்து மீள்பவர்களுக்காக இம்முறையை உருவாக்கினர். அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் சலீபி 1992இல் தொகுத்த நூல் இதைச் சமூகப்பணி வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது. அந்த 1992ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் அதே ஆண்டில் வேறொன்று தொடங்கியது.

படுக்கை எண்கள்

ஜார்ஜ்டவுனில் ஏழைகளுக்கான மருத்துவமனையை 1854இல் கட்டித் தந்தவர் முன் ஆ ஃபூ என்ற சீனத் தலைவர். அபின், சாராயக் குத்தகையில் பொருள் சேர்த்தவர். கீ ஹின் சங்கத்தின் தலைவரும்கூட. இப்போதைய பொது மருத்துவமனைக்கு ரெசிடென்சி சாலைப் பகுதியில் 1882இல் அடித்தளம் இடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நாகப்பட்டினம் வழியாகக் கப்பலில் வந்த கூலித் தொழிலாளருக்கோ, இந்த நாட்டின் மருத்துவத்தோடு நேர்ந்த முதல் சந்திப்பு ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமில்தான் வாய்த்தது. அங்கே அவர்கள் கூட்டமாகவே எண்ணப்பட்டனர், கூட்டமாகவே சோதிக்கப்பட்டனர். ஒருவருடைய பெயருக்கும் ஊருக்கும் இருந்த பயன் கப்பல் பட்டியலைச் சரிபார்ப்பதோடு முடிந்தது. தொழுநோயாளிகளுக்கான விடுதியும் அதே தீவில் இருந்தது. 1969இல் அவர்கள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்படும்வரை அது நீடித்தது.

போருக்குப் பின் 1947இல் பினாங்கில் தாதியர் பள்ளி தொடங்கியது. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அக்காலப் பயிற்சி பிரிட்டிஷ் வார்டு மரபைப் பின்பற்றியது. வேலை, ஆள்வாரியாக அல்லாமல் பணிவாரியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மாணவத் தாதி வார்டு முழுவதற்கும் காய்ச்சல் பார்ப்பார். இன்னொருவர் மருந்துத் தள்ளுவண்டியோடு செல்வார். மூன்றாமவர் படுக்கை விரிப்பு மாற்றுவார். விரிப்பின் மூலை சரியான கோணத்தில் மடிந்திருக்கிறதா என்று சிஸ்டர் வந்து பார்ப்பார். முப்பது படுக்கைகளுக்கும் காய்ச்சல் பார்த்த மாணவி முப்பது எண்களை எழுதியிருப்பாள். ஒரு நோயாளியிடமும் ஐந்து நிமிடம் பேசியிருக்க மாட்டாள். அவள் மனம் கல்லாக இருந்ததால் அல்ல. வேலை அப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது. வரிசை முழுவதையும் குறித்த நேரத்துக்குள் முடிப்பதே அவளுடைய திறமைக்கு அளவுகோல்.

இந்த முறையை இன்று இகழ்வது எளிது. ஆனால் தொற்றுநோயும் சீழும் நிறைந்த காலத்தில், ஆள் பற்றாக்குறை மிகுந்த வார்டுகளில், ஒழுங்கும் துப்புரவும் உயிர்களைக் காத்தன. அதை மறந்துவிட்டு நோயாளி மையப் பேச்சை மட்டும் கொண்டாடும் எழுத்துகளில் எனக்கு உடன்பாடில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நோயாளியைத் தனித்தனியே புரிந்துகொள்வதைப் பாடமாகக் கற்பிக்க வார்டில் இடமே இல்லை. ஐடா ஜீன் ஒர்லாண்டோ அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து 1961இல் தாதிக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைப் பற்றிய நூலை எழுதிவிட்டார். தாதி தானாக ஒரு முடிவுக்கு வராமல், தான் கண்டதை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கோட்பாட்டின் நடு நரம்பு. அந்தச் சிந்தனையிலிருந்து கிளைத்த ‘தாதிமைச் செயல்முறை’ மலேசிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. வந்தபின்னும் பல இடங்களில் அது நிரப்ப வேண்டிய இன்னொரு படிவமாகவே ஆனது.

டிரஸர் அறிந்த குடும்பங்கள்

எதிர்க்கரையின் ரப்பர், தென்னந்தோட்டங்களில் கதை வேறு. தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரஸர். பெரும்பாலும் தமிழரோ மலையாளியோ. வருகை மருத்துவர் எப்போதாவது வருவார்; மற்ற நாள்களில் எல்லாம் டிரஸரே. காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவத்துக்கு ஆள் அனுப்புவதுவரை அவர் பொறுப்பு. லயத்தில் எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவர்களின் பதிவை ஒழுங்குபடுத்தவே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது.

நோயாளியைத் தனித்தனியே அறிந்திருப்பதுதான் தனிநபர் பராமரிப்பு என்றால் டிரஸரைவிட மேலான முன்னோடி கிடையாது. ஆனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவரே. அவருக்குச் சம்பளம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. அறிந்ததை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற கேள்வியில் அவர் இரண்டு பக்கமும் இழுபட்டார். சிலர் தொழிலாளர் பக்கம் நின்று பெயரெடுத்தார்கள், சிலர் துரையின் கண்ணாகவே இருந்தார்கள். இன்றைய பயிற்சியாளர்கள் நோயாளியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கற்பிக்கும்போது, திரட்டிய தகவல் யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியதன் காரணம் இந்தத் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது.

மருத்துவச்சியும் பச்சை உடுப்பும்

பணியாளரை வீட்டுக்குள் அனுப்பிய முதல் பெரிய முயற்சி தாய்சேய் நலத்தில் நடந்தது. 1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரச் சேவை பாலிக் பூலாவிலும் செபராங் பிறையிலும் வேரூன்றியபோது, பிரசவங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தன. மலாய்க் கம்பங்களில் பீடான், தமிழர்களிடையே மருத்துவச்சி. புதிதாகப் பயிற்சி பெற்ற அரசு மருத்துவச்சிக்கும் இவர்களுக்கும் போட்டி மூளும் சூழல். அரசு இங்கே எடுத்த முடிவு கூர்ந்து நோக்கத்தக்கது. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் பரம்பரை மருத்துவச்சிகளைத் துரத்திவிடாமல், அவர்களைத் தனிப் பிரிவாகப் பதிவுசெய்ய வழிவிட்டது. பிரசவத்தைப் பயிற்சி பெற்றவர் பார்க்கட்டும். உடம்பு பிடித்துவிடுவது, பத்தியம் சொல்வது, தாய்க்குத் தைரியம் கொடுப்பது, ஆபத்து என்றால் உடனே ஆள் அனுப்புவது ஆகியவற்றைப் பீடான் தொடரட்டும் என்று வேலை பங்கிடப்பட்டது.

ஊரார் நம்பும் ஒருத்தியின் ஆற்றலை ஏற்றுக்கொண்டு, அவளால் ஆகாததை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்த ஏற்பாடு இது. சலீபியின் நூல் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே. பின்னர் 1970களில் கிராம மருத்துவச்சிகளுக்கு மறுபயிற்சி தந்து கிராமத் தாதிகளாக உயர்த்தினார்கள். பச்சை உடுப்பில் வீடு வீடாகச் சென்ற அந்த மிஸிகளை இன்றைய பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். கர்ப்பிணி கிளினிக்குக்கு வரவில்லை என்றால் மிஸி படியேறி வந்துவிடுவார். வந்தவர் முதலில் பார்ப்பது கர்ப்பிணியை மட்டுமல்ல. வீட்டில் முடிவெடுப்பவர் மாமியாரா, கணவனா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். எந்த வகுப்பறையும் இதைக் கற்பித்துவிட முடியாது.

விளைவு எண்களில் தெரிகிறது. இந்திரா பத்மநாதனும் உடன் ஆசிரியர்களும் மலேசிய, இலங்கை அனுபவங்களை ஒப்பிட்டு 2003இல் உலக வங்கிக்காக எழுதிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 500க்கு மேல் இருந்த தாய் இறப்பு, 1990களில் 20ஐ ஒட்டிக் குறைந்திருந்தது. சாலை, இரத்த வங்கி, மருத்துவமனை என்று பல காரணங்கள் சேர்ந்த வெற்றி அது. வீட்டுக்கு வந்த மிஸியின் பங்கையும் அந்த ஆய்வு வலுவாகவே சுட்டுகிறது.

மிண்டனில் ஒரு வகுப்பறை

சமூகநலத் துறை 1946இலேயே அமைந்துவிட்டது. ஆனால் சமூகப்பணியைப் பல்கலைக்கழகப் பட்டமாகக் கற்கும் வழி மலேசியாவில் முதலில் திறந்தது பினாங்கில்தான். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர் பெயர் மாறிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1975இல் மிண்டன் வளாகத்தில் சமூக மேம்பாடும் நிர்வாகமும் என்ற பெயரில் அந்தப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது.

களப்பயிற்சி இங்கே கட்டாயம். மாணவர் நலத்துறை அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ இல்லத்திலோ பல வாரங்கள் இருந்து, வழக்குகளை நேரில் கையாண்டு, மேற்பார்வையாளரிடம் விவாதிக்க வேண்டும். சமூகப்பணி வகுப்புகளில் உலகெங்கும் பழக்கமான ஒரு கருவியை இங்கே நெருக்கமாகப் பார்ப்போம். ஆன் ஹார்ட்மன் 1978இல் வெளியிட்ட சூழல் வரைபடம் அது. நடுவில் ஒரு வட்டம், அதற்குள் குடும்பம். சுற்றிலும் சிறு வட்டங்கள்: வேலை, பள்ளி, கோவில், அண்டை வீடு, கிளினிக், உறவினர். நடு வட்டத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் கோடு. உறவு வலுவாக இருந்தால் தடித்த கோடு, மெலிந்திருந்தால் புள்ளிக் கோடு, பகையென்றால் குறுக்கே வெட்டுகள். பக்கவாதம் வந்த முதியவரின் வரைபடத்தை அவரோடு உட்கார்ந்து வரையும் மாணவருக்கு, மருத்துவக் கோப்பில் ஒரு வரியும் இல்லாத செய்திகள் கிடைக்கும். மகனோடு பேச்சில்லை, ஆனால் காலையில் நாசி கண்டார் வாங்கி வந்து தரும் பக்கத்து வீட்டு இளைஞன் இருக்கிறான் என்பதை அந்தத் தடித்த கோடுதான் சொல்லும். மறுவாழ்வுத் திட்டத்தை மகனிடமிருந்து தொடங்குவதா, அந்த இளைஞனிடமிருந்து தொடங்குவதா என்பது பிறகு தானே விளங்கும்.

இதே பல்கலைக்கழகம் 1979இல் மருத்துவப் பள்ளியையும் பினாங்கில் தொடங்கியது. பிரச்சினை வழிக் கற்றலும் சமூக நோக்கும் அதன் அடையாளங்கள். ஆனால் 1983இலிருந்து அது கிளந்தானின் குபாங் கெரியானுக்கு இடம்பெயர்ந்தது. கிளந்தானுக்கு அது பெரும் வரம். பினாங்குக்கோ, சமூகப்பணி மாணவரும் மருத்துவ மாணவரும் ஒரே வளாகத்தில் ஒரே நோயாளியைப் பற்றி விவாதிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போனது. 1996இல் அயர்லாந்துக் கல்லூரிகளின் கூட்டுறவோடு பினாங்கு மருத்துவக் கல்லூரி வந்தபோது அந்தப் பழைய இணைப்பு திரும்பவில்லை.

சமூகத்திலேயே மறுவாழ்வு

உடற்குறையுள்ளவர்களை இல்லங்களில் வைத்துப் பார்ப்பதே அறம் என்றிருந்த காலம் மலேசியாவில் 1984இல் மாறத் தொடங்கியது. திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூகநலத் துறை தொடங்கிய சமூகத்தில் மறுவாழ்வுத் திட்டம், மலாய்ச் சுருக்கமான பிடிகே என்ற பெயரில் நாடெங்கும் பரவிப் பினாங்குக்கும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு இதற்கு அடிப்படை. 1989இல் முழு வடிவில் வெளிவந்த அக்கையேட்டை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையின் இயன்முறை மருத்துவர் பத்மனி மெண்டிஸ். கையேட்டின் துணிச்சல் எளிமையில் இருந்தது. மூன்றாண்டு படித்த நிபுணர் வரும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஆகவே வீட்டில் இருக்கும் ஒருவரே பயிற்சியாளராகலாம், அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஊரிலேயே ஒருவரைப் பழக்கினால் போதும் என்றது அது.

பிடிகே பணியாளர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். பெற்றுவந்தது சம்பளம் அல்ல, உதவித்தொகை. இந்தத் திட்டத்தின் பெருமையைப் பேசுபவர்கள் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். குறைந்த ஊதியத்தில் பெண்களின் பொறுமையைச் சுரண்டித்தான் பல ‘சமூகம் சார்ந்த’ திட்டங்கள் ஓடுகின்றன என்பதைப் பதிவு செய்யாமல் இந்த வரலாறு முழுமை பெறாது.

1992: ஹாஸ்பிஸ் வீட்டுக்கு வருகிறது

என் பார்வையில் பினாங்கின் பராமரிப்புப் பயிற்சி வரலாற்றில் மிக ஆழமான திருப்பம் 1992இல் நிகழ்ந்தது. தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை அவ்வாண்டு, குணமாகாத நோயாளிகளுக்கான வீட்டு ஹாஸ்பிஸ் சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா முந்தைய ஆண்டுதான் தோன்றியிருந்தது. பினாங்கு முயற்சிக்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் டி. தேவராஜ், மலேசிய ஹாஸ்பிஸ் இயக்கத்தின் மூத்த முன்னோடிகளில் ஒருவர். நோயாளியின் வீட்டுக்குத் தாதி செல்வார், கட்டணம் கிடையாது. மருத்துவரும் தொண்டர்களும் துணை.

இயக்கத்தின் மூலவேர் லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ். அவர் முதலில் தாதி, பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர், கடைசியில் மருத்துவர். மூன்று தொழில்களும் ஒரே ஆளுக்குள் சேர்ந்ததால்தான், வலி என்பது உடம்பு, மனம், உறவு, ஆன்மா என்ற நான்கிலும் பரவியது என்ற கருத்து அவரிடம் உருவாயிற்று போலும்.

பினாங்கு அடுக்குமாடி ஒன்றில் முதல் வருகை எப்படி இருக்கும் என்பதை ஹாஸ்பிஸ் முறைகளை வைத்தே விளக்குகிறேன். கட்டில் இருப்பது பெரும்பாலும் கூடத்தில். தாதி பையைத் திறப்பதற்கு முன் உட்காருகிறார். வலி எங்கே, எப்போது, பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார். மார்பின் கரைசலை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரப்படி கொடுக்க வேண்டும். இரவில் தூக்கம் கெடாதபடி அளவைத் திட்டமிட வேண்டும். கூடவே மலமிளக்கியும் தர வேண்டும். இவற்றை மகளுக்குச் சொல்கிறார். மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் மகளின் முகம் மாறும். போதைக்கு அடிமையாகிவிடுவாரோ, கடைசி மருந்தா இது என்ற பயம். அந்தப் பயத்தை வாதிட்டு ஒடுக்கக் கூடாது, முழுவதும் சொல்லவிட்டுக் கேட்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த வலிநிவாரணப் படிக்கட்டு பாடநூலில் இருக்கும். அந்தப் படியில் குடும்பத்தை ஏற்றிவிடும் கலையோ கூடத்தில் உட்கார்ந்துதான் கைவரும்.

இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. உடற்செயல் அளவைக்கு மருத்துவமனைகள் பார்தெல் அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. 1965இல் வந்த அதில் உண்பது, குளிப்பது, நடப்பது முதலிய பத்துக் கூறுகள், மொத்தம் 100 புள்ளி. படுக்கையோடு கிடக்கும் ஒரு தாய்க்கு 20 புள்ளி விழலாம். அந்த எண் பொய்யல்ல. ஆனால் கட்டிலில் இருந்தபடியே குழம்புக்கு உப்புப் போதுமா என்று வாசனையில் சொல்பவர், பேரனுக்குத் தேவாரம் திருத்துபவர், சீட்டுப் பணம் யார் எவ்வளவு தர வேண்டும் என்று மனக்கணக்கு வைத்திருப்பவர் என்பது அந்த 20க்குள் இல்லை. இவற்றில் எதை அவர் கடைசிவரை தன் கையில் வைத்திருக்க விரும்புகிறார் என்று கேட்டு, மருந்து நேரங்களை அதைச் சுற்றி அமைப்பதே தனிநபருக்கேற்ற ஆதரவு. மாலையில் பேரன் பாட வரும் நேரத்தில் தூக்கம் தராத அளவில் மருந்தை ஒழுங்குசெய்வது பெரிய மருத்துவ சாதனை அல்ல. அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரியது எதுவுமில்லை.

புதுத் தாதிகள் மூத்த தாதிகளோடு உடன் சென்று பழகுவதே இந்தச் சேவைகளில் முதன்மையான பயிற்சி முறை. மலேசிய மருத்துவமனைகளில் முதல் வலிதணிப்புப் பிரிவு 1995இல் கோத்தா கினபாலுவில் வந்தது. வலிதணிப்பு மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 2005இல். தேசிய வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையும் செயல்திட்டமும் 2019 முதல் 2030 வரைக்கு வகுக்கப்பட்டன. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால், பினாங்கின் கூடங்களில் நடந்தது கொள்கைக்கு ஒரு தலைமுறை முந்தியது.

வேலைக்கு அழைத்துச் செல்பவர்

1996இல் ஆசியச் சமூகச் சேவை என்னும் அமைப்பு பினாங்கில் தோன்றியது. அறிவுத்திறன் குறையுள்ள குழந்தைகளுக்கு முன்னிடையீட்டுப் பயிற்சி, வளர்ந்தவர்களுக்குப் பாலிக் பூலாவில் வேலைமையம் என்று அது கிளைத்தது. முன்னிடையீட்டில் தாயும் தகப்பனும் வெளியே காத்திருப்பவர்கள் அல்ல. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடக் கற்பவர்கள்.

2000களில் ஜப்பானிய ஒத்துழைப்பு நிறுவனமான ஜைக்காவும் சமூகநலத் துறையும் இணைந்து வேலைத் துணையாளர் முறையை மலேசியாவில் பரப்பின. வேலைத் துணையாளர் முதலில் தொழிலிடத்துக்குப் போய் அந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும். பிறகு அதைச் சிறு படிகளாக உடைக்க வேண்டும். பயிற்சி பெறுபவருக்கு எந்தப் படி எளிது, எது தடுக்குகிறது என்று கவனித்து, தடுக்கும் இடத்தில் வேலையின் ஒழுங்கையே மாற்றலாமா என்று முதலாளியிடம் பேச வேண்டும். கடைசியாகத் தன் இடத்தை அங்கேயே வேலைசெய்யும் சக ஊழியர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துப் படிப்படியாக விலக வேண்டும். விலகத் தெரிவது இந்தப் பயிற்சியின் தேர்வு. 2008இல் உடற்குறையுள்ளோர் சட்டம் நிறைவேறியது. 2010இல் அவர்களின் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. உரிமை மொழி சட்டத்தில் ஏறுவதற்குள் பயிற்சி மொழி களத்தில் ஏறிவிட்டிருந்தது.

இன்றைய இடைவெளி

2030இல் மலேசிய மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 15 விழுக்காடாக இருப்பார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பு. பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட ஜார்ஜ்டவுன் வீடுகளில் அந்த எதிர்காலம் ஏற்கெனவே குடியேறிவிட்டது. முதியோர் இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பாளர்களும் பெருகியிருக்கின்றனர். இல்லங்களுக்கு 1993இன் பராமரிப்பு மையச் சட்டம் உண்டு. மருத்துவப் பராமரிப்பு தரும் தனியார் முதியோர் நிலையங்களுக்கென 2018இல் தனிச் சட்டம் வந்தது. சட்டங்கள் கட்டடத்தையும் உரிமத்தையும் ஆள்கணக்கையும் அளக்கின்றன. இரவில் முதியவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் பெண், பல வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்து வந்த பணிப்பெண், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவரின் வாழ்க்கைக் கதையில் ஒரு வரியாவது அறிந்திருக்கிறாரா என்பதை அவை அளப்பதில்லை. மறதிநோயாளரை ஆளாகப் பார்க்க வேண்டும் என்று டாம் கிட்வுட் 1997இல் எழுதியதைத் தாதியர் கல்லூரி மாணவி படிக்கிறார். மறதிநோயாளரோடு நாள்முழுதும் இருப்பவருக்கோ அது எட்டுவதில்லை.

இந்த மொழியை அரசுகள் விரும்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தில் 2010க்குப் பின் உள்ளாட்சி நிதி சுருங்கிய காலத்தில், உங்கள் குடும்பத்தின் பலத்தைப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை, அரசு தர வேண்டியதைத் தராமலிருக்க வசதியான சாக்காயிற்று என்று விமர்சகர்கள் சொன்னார்கள். இங்கே குடும்பத்தின் பலம் என்பது பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் வேலையை விட்ட உடம்பு. அவளுடைய ஆற்றலைக் கண்டறியும் பயிற்சியாளர், அவளுடைய களைப்பையும் அதே படிவத்தில் எழுதட்டும்.

யாழ்ப்பாணத்து அனுபவம் நமக்கு உதவும். போர்க்காலத்தில் மனநல மருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் தமிழ்ச் சமுதாயத்துக்கென்றே மனநலக் கையேடு எழுதி, களப்பணியாளர்களைப் பழக்கினார்கள். கோவில், சடங்கு, குடும்பம் ஆகியவற்றை சிகிச்சைக்குத் தடையாகக் கருதாமல் குணமடைவதற்குத் துணையாகக் கொண்ட கையேடு அது. பினாங்கில் தமிழ் அறியும் தாதிகள் உண்டு, தொண்டர்கள் உண்டு, கோவில் மண்டபங்களும் உண்டு. இங்குள்ள இந்து அறவாரியமும் தமிழ் அமைப்புகளும் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி நடத்த முன்வர வேண்டும். அதற்குப் பாடம் சொல்ல முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற பச்சை உடுப்பு மிஸிகளும் ஹாஸ்பிஸ் தாதிகளும் பிடிகே பணியாளர்களும். அவர்களில் மூத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் வேலையைச் சமூகப்பணி மாணவர்களும் உள்ளூர் எழுத்தாளர்களும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.